ஹைருல் சம்பல் இறங்கவில்லை

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

இன்று காலை என் மடிக்கணினித் திரையில் சிவப்பு எழுத்துகள் கொட்டிய வேகத்தைக் கண்டு பினாங்குப் பெர்ரிப் படகு நடுக்கடலில் நின்றுவிட்டது. பயணிகள் எழுந்து நின்று அனுதாபம் தெரிவித்தார்கள். சாட்சி நான் ஒருவன்தான். ஆகவே மறுக்க ஆளில்லை.

வீட்டிலேயே சமைத்து விற்கும் தங்கச்சி குணவதிக்காக ஓர் இணையத்தளம் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான் யார்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டியே தலை நரைத்த சிவநேசன். கப்பல் கப்பலாக இறக்குமதி பார்த்தவன். அப்பேர்ப்பட்டவனிடம் கணினி சொல்கிறது - ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு ஒரே ஒரு பெயரை இறக்குமதி செய்ய முடியவில்லையாம்.

என்னிடம்!

5 ஆகஸ்ட்

விபூதி பூசினேன். மடிக்கணினிக்கு. அதே பிழை.

9 ஆகஸ்ட், சனி

சுங்கை பினாங்கில் குணவதி வீட்டுக்குப் போனேன். அடுப்பு துடைத்துப் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் மகள் துளசி, பத்து காவானில் வேலை முடிந்து வரும்போது கடைச் சோற்றைப் புங்குஸ் பொட்டலமாகக் கட்டி வாங்கி வந்திருந்தாள். குணவதி வீட்டில் கடைச் சோறு!

மே மாதம் குணவதிக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. கட்டியோடு குரலும் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு கிசுகிசுப்பு. ஆர்டர் எல்லாம் போனில்தான் வரும். "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். யாரோ ஒருத்தர், "யாரு லா இது, பேயா?" என்று சிரித்திருக்கிறார். அன்றைக்குப் போனைக் கவிழ்த்து வைத்தவள்தான். வாட்ஸ்அப்பில் எழுதினாலும் உடனே திருப்பிக் கூப்பிடுகிறார்களாம்.

"சமையல் பேரெல்லாம் எழுதிக் கொடும்மா. சைட்ல போட்டுடறேன். யாரும் உன்ன கூப்பிட வேண்டியதே இல்ல."

"மொதல்ல அது ஓடட்டும்ண்ணே. அப்புறம் தரேன்."

"நீ தந்தாதானே ஓடும்?"

"ஓடினாதானே தருவேன்?"

என் ரத்தம்தான். சந்தேகமே இல்லை.

துளசி படி வரைக்கும் கூடவே வந்தாள். "மாமா, அம்மா பாத்திரத்தையெல்லாம் கட்டி மேல ஏத்திட்டாங்க. யாருக்காவது கொடுத்துடலாம்னு சொல்றாங்க. அழுதாக்கூட பரவால்ல மாமா, அழவும் மாட்டேங்கறாங்க."

"சைட் மட்டும் ஓடட்டும், உலகமே வரிசையில நிக்கும் பாரு" என்றேன்.

12 ஆகஸ்ட்

இரண்டு மாடல் எழுதியிருக்கிறேன். மாடல் என்பது வேறொன்றுமில்லை - ஒரு பொருளைப் பற்றிக் கணினி எதையெல்லாம் நினைவில் வைக்கவேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்கும் அச்சு. உணவுக்கு ஒரு கோப்பு, வாடிக்கையாளருக்கு ஒரு கோப்பு. வில்லங்கம் குணவதியிடமிருந்து வருகிறது. அவள் எந்தச் சமையலுக்கும் வெறும் பெயர் வைக்கமாட்டாள். முதலில் கேட்டவர் பெயரைச் சேர்த்துத்தான் வைப்பாள். காரம் குறைத்துக் கேட்ட ஹைருலுக்காக அரைத்த மிளகாய்த் துவையல், ஹைருல் சம்பல். அப்புறம் வள்ளியம்மா புளிக்கறி. ஆகவே என் உணவுக் கோப்பு முதல் வரியிலேயே வாடிக்கையாளரைக் கூப்பிடுகிறது. வாடிக்கையாளர் கோப்போ, அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரிய, முதல் வரியிலேயே உணவைக் கூப்பிடுகிறது.

வரிகளை மாற்றிப் போட்டேன். எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினேன். மன்றாடினேன். மிரட்டினேன். ஹைருல் சம்பல் இறங்கவில்லை.

என் பெயரில் ஏன் ஒரு சமையலும் இல்லை? இன்றுதான் தோன்றியது. போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். அவளிடம் எதையும் கேட்டதே இல்லை.

16 ஆகஸ்ட், சனி

வார இறுதிக் கணினி வகுப்பு. ஆசிரியை ஷஹீதா என் திரையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அடக்க முடியவில்லை.

"அங்கிள், விருந்துக்குப் போனா 'நீங்க மொதல்ல உக்காருங்க', 'இல்ல இல்ல, நீங்க மொதல்ல'ன்னு ரெண்டு பேர் நின்னுட்டே இருப்பாங்கல்ல? உங்க கோப்பு ரெண்டும் அதத்தான் பண்ணுது. ஒண்ணு முழுசா எழுந்திருக்கறதுக்குள்ள இன்னொண்ணு கூப்பிடுது."

"அப்ப யாரம்மா மொதல்ல உக்கார்றது?"

"உணவுக் கோப்புல மேல கூப்பிடற வரிய எடுத்துடுங்க. வாடிக்கையாளர் வேணுங்கற எடத்துல அந்தப் பேர மட்டும் மேற்கோள் குறிக்குள்ள எழுதி வைங்க. ஆள் இப்பவே வரணும்னு இல்ல. எல்லாம் எழுந்து உக்காந்த பிறகு அது தானா தேடிப் புடிச்சிக்கும்."

"பேர நம்பி எல போட்டு வைக்கணும். அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அங்கிள்."

ஒரு வரியை அழித்தேன். இரண்டு மேற்கோள் குறி போட்டேன். ஓடியது. நான் போட்ட கூச்சலில் பட்டர்வொர்த்தில் கொடியில் காய்ந்த துணிகள் ஆடின.

17 ஆகஸ்ட்

குணவதியும் நானும் கூட அப்படித்தானே நின்றுகொண்டிருக்கிறோம்? நீ தா, நீ ஓட்டு, நீ தா.

பட்டியலுக்குக் காத்திருக்கப் போவதில்லை. நினைவில் இருந்த சமையல் பெயர்களை நானே ஏற்றிவிட்டேன். விளக்கமும் என்னுடையதுதான். 'வள்ளியம்மா புளிக்கறி: இதன் வாசம் பட்டுப் பினாங்குப் பாலம் ஒருமுறை வளைந்து நிமிர்ந்தது. தேங்காய்ப்பால் தாராளம்.' முகவரியைத் துளசிக்கு அனுப்பினேன். அவள் பழைய வாடிக்கையாளர் சிலருக்கு அனுப்பினாள்.

19 ஆகஸ்ட்

என் வீட்டு வாசலில் குணவதி. கையில் துளசியின் போன்.

"புளிக்கறில யாருண்ணே தேங்காப்பால் ஊத்துனது?"

கிசுகிசுப்பில் திட்டினால் இவ்வளவு உறைக்கும் என்று எனக்குத் தெரியாது. சத்தமாகத் திட்டினால் காதைப் பொத்திக்கொள்ளலாம். இதற்கு நாமே பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

"தப்பா இருந்தா நீயே திருத்திக்க" என்று பாஸ்வேர்டைக் கொடுத்தேன். தேங்காய்ப்பாலைத் தெரியாமல்தான் எழுதினேன் என்று இந்த நாட்குறிப்பில் கூடச் சத்தியம் செய்யமாட்டேன்.

அவள் பாஸ்வேர்டைப் போட்டதுமே போன் திரையில் ஓர் ஆர்டர் வந்து நின்றது. ஹைருல். மலாயில் எழுதியிருந்தார்: 'அக்கா, நலமா? பேச வேண்டாம். சம்பல் போதும்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு முந்தானையால் போன் திரையைத் துடைத்தாள். திரையில் ஒன்றும் இல்லை.

"குணா, பசிக்குது. ரசம் வச்சித் தரியா?"

"வீட்டுக்குப் போயி பாத்திரத்த இறக்கணும்" என்றாள். போய்விட்டாள்.

30 ஆகஸ்ட், சனி

குணவதி வீட்டில் சாப்பாடு. அடுப்பைச் சுற்றி மஞ்சள் தெறித்துக் கிடந்தது. உட்கார்ந்திருந்தபோது போனில் சைட்டைத் திறந்து பார்த்தேன். விளக்கங்கள் எல்லாம் திருத்தப்பட்டிருந்தன. பாலம் வளைந்ததையும் எடுத்துவிட்டாள், பாவி. கடைசியில் நான் ஏற்றாத ஒரு பெயர் இருந்தது.

'சிவநேசன் ரசம்.'

முதலில் கேட்டவர் என்ற இடத்திலும் என் பெயர்.

அப்போது போன் அடித்தது. துளசி எழப் போனாள். குணவதி கரண்டியை நீட்டி அவளை உட்கார வைத்துவிட்டுத் தானே எடுத்தாள்.

"ஆமா, நான்தான். சத்தம் இவ்ளோதான் வரும். ஆர்டர சைட்ல போட்டுடுங்களேன்." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "சைட் எங்கண்ணன் செஞ்சது லா" என்றாள்.

ரசத்தில் உப்பு கொஞ்சம் குறைவு. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.