பதினேழாம் இலக்க வீடு

கிண்ணியா
12.01.2025

அன்புத் தங்கச்சி ஸல்ஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சர்வதேச அபிவிருத்திப் படிப்புக்காக ராத்தா செருப்புத் தேய அலைவதைப் பேராசிரியரிடம் சொல்லி வை. முப்பது வீட்டில் இருபத்தொன்பதின் கணக்கெடுப்புப் படிவங்களும் இத்துடன் வருகின்றன. பதினேழாம் இலக்கத்தை மட்டும் விட்டுவிடலாமா?

ஒழுங்கை முடிந்து கடல் தொடங்குகிற இடம். அங்கே வீடே இல்லை என்கிறார்கள் அயலவர்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு நான் போனபோது வீடு இருந்தது. "வாங்க, ஒங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தம்" என்றாள் ஒரு தாய். சுவரில் என் தோள் உயரத்துக்கு ஈரம். அவளும் மூன்று பிள்ளைகளுமாம். நான் கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்டாள்: "ஒங்கட வூட்டுல எத்தின பேர்?" நான் மட்டும்தான் என்றதும் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பயந்து பாதியில் வந்துவிட்டேன்.

ராத்தா ஸுல்பிகா


மான்செஸ்டர்
27.01.2025

அன்பு ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். குலுக்கலில் விழுந்த வீட்டை விடவும் ஏலாது, மாற்றவும் ஏலாது. ஒன்று குறைந்தாலும் என் ஆய்வை ஏற்கமாட்டார்கள். உம்மா போன பிறகு தனிய இருந்து ஈரச் சுவருக்கும் பயப்படுகிறீர்கள். எனக்காக ஒருக்கால் போய் முடித்துவிடுங்கள்.

விதி நினைவிருக்கட்டும்: இரத்த உறவு கணக்கில்லை. ஒரே பானையில் ஆக்கிச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம்.

உங்கள் ஸல்ஹா


கிண்ணியா
20.02.2025

அன்புத் தங்கச்சி,

போனேன். சோறு ஆக்கி, ஐந்து கோப்பையில் போட்டு வைத்திருந்தார்கள். உம்மா மௌத்தான பிறகு யாரோடும் இருந்து சாப்பிடவில்லை, அதனால் மறுக்க மனம் வரவில்லை. சோற்றில் உப்புக் கூடியிருந்தது. பிள்ளைகளின் தலை காயவேயில்லை, துவட்டிவிட்டேன். இப்போது ஒவ்வொரு நாளும் அங்கேதான் சாப்பாடு.

படிவத்தில் அங்கத்தவர் ஐந்து. பிழையென்று நினையாதே, உன் விதிப்படிதான் எழுதினேன். இப்போது பயமில்லை.

ஸுல்பிகா


மான்செஸ்டர்
10.03.2025

என் ராத்தாவுக்கு,

படிவம் வந்தது. ஐந்தாவது பெயர் உங்களுடையது. தாள் இன்னும் ஈரமாக இருக்கிறது.

பிழை என்னுடையது. நான் குலுக்கல் போட்ட பட்டியல் 2003ஆம் ஆண்டினது. முகப்புத் தாளை இப்போதுதான் பார்த்தேன். பக்கத்து வீட்டு அபூதாஹிர் மாமாவிடம் போனில் கேட்டேன். அந்தத் தாயையும் பிள்ளைகளையும் அதற்கு அடுத்த வருடம் சுனாமியில் கடல் கொண்டுபோனதாம். நம் வீடு ஆறு நாளாகப் பூட்டிக் கிடக்கிறதாம். ஒழுங்கை முடிவில் உங்கள் செருப்பு மட்டும் இருந்ததாம்.

எனக்குப் பட்டம் வேண்டாம், ராத்தா. உங்கள் பெயரை வெட்டப் பார்க்கிறேன். ஈரத்தில் பேனை எழுதுதில்லை.

அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பதினேழாம் இலக்கத்துக்கே அனுப்புகிறேன். நாளை விமானம் ஏறுகிறேன், இது உங்கள் கைக்கு வரும்போது நம் வீட்டில் இருப்பேன். அதே விதிப்படி, நோன்பு திறக்க முன் நம் குசினியில் உலை வையுங்கள். இரண்டு பேருக்கு.

ஸல்ஹா