வந்த மனுவை வரவில்லை என்று எழுதச் சொன்னார்கள்

1953 ஆகஸ்ட் 3, திங்கள்

ஆடிக்காற்று. ரிக்கார்டு ரூம் ஜன்னலைத் திறந்தால் மேஜை முழுக்க மணல். மூடினால் மூச்சு முட்டுகிறது. கரையான் மருந்து தீர்ந்துவிட்டது, எழுதிக் கேட்க வேண்டும். வீட்டுக்காரி சரசுவுக்கு இன்னும் இருமல்.

மத்தியானம் கீழக்கரையிலிருந்து ஓர் அம்மா. பெயர் ஆமினா. ஐம்பது வயதிருக்கும். புருஷன் சங்கு குளிக்கிறவர். வெள்ளைக்காரன் காலத்தில் சர்க்காருக்காகக் கடலில் முங்கியவர், உயிரோடு வரவில்லை. உதவி கேட்டு அப்போதே மனுப் போட்டாராம். இப்போது நம் சர்க்காரிடம் மறுபடி கேட்டதற்கு, ‘இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை?’ என்று மேலிடத்திலிருந்து பதில்.

“எங்க மச்சான் கடல்ல மவுத்தான வருஷமே கேட்டேன் தம்பி. கேட்டேன்னு ஒரு எழுத்துக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

தேடிப் பார்க்கிறேன், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றேன்.

4, செவ்வாய்

பழைய தபால் பதிவேட்டில் கிடைத்தது. ஒன்றல்ல, மூன்று மனு. ஒவ்வொன்றுக்கும் நம்பர், தேதி, சுருக்கம்: ‘கீழக்கரை விதவை, உதவி கோரி.’ முடிவு என்ற கட்டத்தில் மூன்றுக்கும் எல்.டிஸ். ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டுக் கொளுத்து என்று அர்த்தம். கொளுத்தியும் விட்டார்கள்.

அதே அலமாரியின் மேல்தட்டில், சிவப்பு நாடா கட்டிய ஒரு கட்டு. துரை வந்தால் தங்கும் கடற்கரை பங்களாவுக்குக் கொசுவலை வாங்கிய கடிதப் போக்குவரத்து. என்ன நிறம், எத்தனை கெஜம், தையல் சரியில்லை என்று துரைசானியின் புகார், அதற்கு விளக்கம், விளக்கத்துக்கு நினைவூட்டல். முடிவு: ஆர்.டிஸ். நிரந்தரம். சூரியன் சந்திரன் உள்ளவரை.

துரை கப்பலேறி ஆறு வருஷம். அவன் கொசுவலையைக் கரையான் அரிக்காமல் நான் காவல் காக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு.



6, வியாழன்

பதில் வரைவு எழுதித் தலைமைக் குமாஸ்தாவிடம் வைத்தேன். ‘மூன்று மனுக்கள் பெறப்பட்டன. விதிப்படி அழிக்கப்பட்டன.’ பேனாவால் ஒரே அடி. மேலே அவர் கையால்: ‘அத்தகைய மனு ஏதும் வரவில்லை.’

“வந்திருக்கு சார். பதிவேட்டுல இருக்கு.”

“காகிதம் இருக்கா? இல்லைல்ல? அப்ப வரலை. அழிச்சோம்னு எழுதினா ஏன் அழிச்ச, எதுக்கு அழிச்சன்னு மேல நோண்டுவாக. யாருப்பா பதில் சொல்றது? நல்லபடியா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு.”

போடவில்லை. வரைவு என் மேஜையிலேயே கிடக்கிறது.

கொளுத்தியதுகூட விதி, போகட்டும். கொளுத்திவிட்டு, நீ வரவே இல்லை என்று அந்த அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்வதா? அதை வெள்ளைக்காரன்கூடச் செய்யவில்லை. வந்தது என்று பதிந்தாவது வைத்தான்.

டீக்கடையில் பஞ்சாங்கப் பலனைக் கேட்டு யாரோ: “கண்மாய் உடையுமாம்ல. மழை எங்கனப்பா இருக்கு, உடையறதுக்கு?” எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

7, வெள்ளி

ஆமினாம்மா காலையிலேயே வந்துவிட்டார். தலைமைக் குமாஸ்தா சீட்டில் இல்லை. வெள்ளைத் தாள் எடுத்து நானே எழுதினேன். மூன்று நம்பர், மூன்று தேதி, பெறப்பட்டது, அழிக்கப்பட்டது. கீழே என் கையெழுத்து. அவருக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன்.

“எரிச்சுட்டாகளா?”

“ஆமாம்மா.”

“மூணையுமா?”

“மூணையும்.”

தாளை மடித்துக்கொண்டே கேட்டார். “படிச்சுட்டு எரிச்சாகளா தம்பி, படிக்காமலா?”

 வாசல்வரை கூடவே போனேன். 

8, சனி

யாரோ சொல்லிவிட்டார்கள். தலைமைக் குமாஸ்தா எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார். “நீ யாரு, சர்டிபிகேட் குடுக்கறதுக்கு?” விளக்கம் கேட்டு மெமோ. பிறகு தனியே கூப்பிட்டார், குரல் தணிந்திருந்தது.

“நல்லவேளை, முத்திரை வைக்காமக் குடுத்திருக்க. செல்லாது. ஆனாலும் அது வெளிய சுத்தக் கூடாது. நாளைக்கே போய் வாங்கிட்டு வந்துரு. மெமோவைக் கிழிச்சுப் போட்டுருவோம். இல்லைன்னா உனக்கு முதுகுளத்தூருக்கு மாத்தல்தான், சொல்லிப்புட்டேன்.”

வீட்டில் சொன்னேன்.  சரசு, “முதுகுளத்தூர்ல தண்ணி எப்படியாம்?” என்று மட்டும் கேட்டாள்.

9, ஞாயிறு

காலை பஸ். நின்றுகொண்டே கீழக்கரை. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா முகம் மாறிவிட்டது. ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து தாளை எடுத்து வந்தார்.

“வாங்கிட்டுப் போக வந்தீகளா?”

“இல்லம்மா. ஒண்ணு விட்டுப்போச்சு.”

பையிலிருந்து, நேற்றுச் சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்த ஆபீஸ் முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்தேன். வாசல்படியில் தாளை வைத்து, கையெழுத்தின் மேல் அழுத்திக் குத்தினேன். மை காயும்வரை அவர் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.