இடது பக்க சீட்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. கொடியில் கிடந்த புடவை பறந்து பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். தம்பி செந்தில் ஏறி எடுத்துக் கொடுத்தான். குவைத்திலிருந்து லீவில் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் மரம் ஏறும் வேலை.

முடிவு எடுத்தாயிற்று. கார் வாங்குகிறேன். பழையது, சின்னது. வாங்கி, காலால் செய்கிற வேலையையெல்லாம் கைக்கு மாற்றப் போகிறேன். பிரேக், ஆக்சிலேட்டர், கிளட்ச் மூன்றும். புது வண்டி என்றால் அறுக்கவும் ஓட்டை போடவும் மனசு வராது டீச்சர், பழசு என்றால் தைரியமாகக் கை வைப்பேன் என்கிறார் பட்டறை ஜோசப் அண்ணன். என் ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு சக்கரம் சேர்த்துக் கொடுத்தவரும் அவர்தான்.

ஏன் இப்போது? பதவி உயர்வுப் பட்டியலில் மறுபடி என் பெயர். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று தெரியாது. போன தடவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் என்று போட்டது "குடும்பச் சூழல்". உண்மையான காரணம் பஸ் படிக்கட்டு. சின்ன வயதில் போலியோ. வலது காலில் காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம், இடது கால் பேருக்கு. ஸ்கூட்டரில் அரிமளத்துக்குள் நான்தான் ராணி. மழை வந்தாலோ, புதுக்கோட்டை தாண்ட வேண்டும் என்றாலோ, அப்பா.

நாற்பத்து மூன்று வயதில் "கொண்டுபோய் விடுறீங்களாப்பா" என்று கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அவருக்கு அலுக்கவில்லை. அதுதான் தொல்லை.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். அப்பா அப்பளத்தை நொறுக்கினார்.

"காலு படாத பிரேக்கு என்ன பிரேக்கு? நான் என்ன செத்தா போனேன்? எங்கிட்டுப் போகணும்னு சொல்லு, வாடகை வண்டி எடுத்து நான் ஓட்டுறேன்."

காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாயங்காலமானால் கண் மங்குகிறது, ஒத்துக்கொள்ள மாட்டார். அம்மா எனக்கு மட்டும் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அவள் என் கட்சி.

ஜூன் 10, செவ்வாய்

பத்தாம் வகுப்புக்கு முதல் தேர்வு வைத்தேன். பிள்ளைகள் எழுத, நான் விடைத்தாளின் பின்பக்கத்தில் இது:

கதவு அகலமாகத் திறக்க வேண்டும்.
சீட் என் இடுப்பு உயரம். ஏறவும் கூடாது, விழவும் கூடாது.
ஸ்டீயரிங்குக்கு அடியில் ஜோ. அண்ணனின் கம்பிகளுக்கு இடம்.
ஊன்றுகோல் கைக்கெட்டுகிற இடத்தில்.
ஏசி (இது ஆசை. இருந்துவிட்டுப் போகட்டும்).

செ.வுக்கு வேறு கனவு. அலாய் வீல், கறுப்புக் கண்ணாடி, தரையோடு தரையாகத் தாழ்த்திய வண்டி, ஊரையே எழுப்பும் சைலன்சர். "தரையோட இருந்தா நான் எப்புடிடா எந்திரிப்பேன்?" என்றேன். "கெத்தா இருக்கும்க்கா" என்கிறான். எனக்கு வரும் கோபத்துக்கு.

அம்மாவுக்கு ஒன்றே ஒன்று: நம்பரைக் கூட்டினால் எட்டு வரக்கூடாது. அப்பாவுக்கும் ஒன்றே ஒன்று: வாங்கக்கூடாது.

ஜூன் 14, சனி

வெயில். புதுக்கோட்டையில் ஒரு வண்டி பார்க்கப் போனோம். வரமாட்டேன் என்று சொன்ன அப்பா, சட்டை மாட்டி, தலை சீவி, எங்களுக்கு முன்னால் வாசலில்.

செ.வின் கூட்டாளி கார். அப்பா முன்னால் இடது சீட். வழக்கம்போல வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. ஆடு வந்தால் ஒரு அழுத்து, வளைவுக்கு ஒரு அழுத்து. அந்தப் பையன் பாவம், வேர்த்துவிட்டது. பழனிக்குப் போன தடவையும் இப்படித்தான். நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்க, அப்பா மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். கொஞ்சம் கண்ணசருங்க என்றால், "எவன நம்பி?" என்பார். இன்றைக்கும் அதையே சொன்னார், ஓட்டுகிறவன் காதில் விழும்படி.

வண்டி சிவப்பு. பளபளப்பு. செ. சொக்கிப்போனான். உட்கார்ந்தேன். கீழே போய்க்கொண்டே இருந்தது சீட். எழுந்திருக்க முடியவில்லை. கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்குகிற மாதிரி ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விற்கிற ஆளுக்கு வரவில்லை. "மேடமா ஓட்டப் போறாங்க?" என்று என் காலைப் பார்த்தார். அதற்கப்புறம் பேச்செல்லாம் அப்பாவிடம். மைலேஜ், டயர், இன்சூரன்ஸ், எல்லாம் அப்பா முகத்தைப் பார்த்தே. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா சொன்னார்: "ஓட்டப் போறவ அவ. அங்கிட்டுத் திரும்பிப் பேசுங்க."

இவர் எந்தக் கட்சி என்றே புரியவில்லை. வழியில் பரோட்டா. நன்றாக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

கிடைத்துவிட்டது!!

கந்தர்வக்கோட்டைக்கு உள்ளே, முந்திரிக்காட்டை ஒட்டி ஒரு வீடு. வீட்டுக்காரர் சிங்கப்பூரில். பலா மரத்தடியில் வண்டி. சாம்பல் நிறம், உயரக்கூரை, அசல் பிஸ்கட் டப்பா. செ. முகம் தொங்கிவிட்டது. "அக்கா, இது பால்காரர் வண்டிக்கா."

கதவைத் திறந்தால் பின்சீட்டில் கோழி. அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கார அம்மா கூடையோடு அதைத் தூக்கிக்கொண்டே பேசினார்: "நம்பரு கூட்டுனா எட்டுங்க டீச்சர். எங்க மாமியா ஏறவே மாட்டேன்னுட்டாக. எங்க வீட்டுக்காரவுக லீவுக்கு வந்தா ஓட்டுறதோட சரி. வந்து பாத்தவுகளும் நம்பரக் கூட்டிப் பாத்துட்டுப் போயிருவாக."

அதனால்தான் மாடல் பழசு, ஓட்டம் கொஞ்சம். ஆளாளுக்கு எட்டுக்குப் பயந்து எனக்காகவே பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஸ்டாஃப் ரூம் நாற்காலியில் உட்கார்கிற மாதிரியே இருந்தது. காலிப்பரைக் கையால் எடுத்து உள்ளே வைத்தேன். இடிக்கவில்லை. எழுந்தேன். யாரும் தூக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்தால் என்ன.

அப்பா பானெட்டைத் திறந்து, செ.வை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எஞ்சினு நல்ல புள்ளையா இருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, உடனே முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டார். பார்த்துவிட்டேன்.

அம்மாவுக்கு போன். முதல் கேள்வி: "கூட்டுனா எத்தன?" செ. கூசாமல் "ஒம்போதும்மா" என்றான். வரும்போது ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்பினார்கள்.

ஜூன் 19, வியாழன்

வண்டி வந்தது. அம்மா ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். உதடு அசைந்தது. செ. மெல்ல வீட்டுக்குப் பின்னால் நழுவினான்.

"எட்டுல்ல வருது."

அம்மா என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "நீ பொறந்ததும் எட்டாந்தேதிதான். ஒன்னைய வச்சுக்கிட்டு நாங்க கெட்டா போயிட்டோம்?" என்று சொல்லிவிட்டு ஆரத்தியைச் சுற்றினாள். நான் அழவில்லை. செ.வுக்கு மட்டும் பொய் சொன்னதற்காகத் தலையில் ஒரு கொட்டு.

ஜூலை 5, சனி

பட்டறை. புழுக்கம். வண்டியின் சீட்டெல்லாம் வெளியே, டேஷ்போர்டு பிரித்துப் போட்டு. எல்.எல்.ஆர். கையில் வந்துவிட்டது, வண்டி இப்படிக் கிடக்கிறது.

கைப்பிடி வந்திருக்கிறது. முன்னால் தள்ளினால் பிரேக், என் பக்கம் இழுத்தால் ஆக்சிலேட்டர். கியர் தலையில் சின்ன லீவர், அமுக்கினால் கிளட்ச். உட்கார்ந்து தள்ளினேன்: கம்பி நேராகக் காலிப்பரில் போய் "டங்". ஜோ. அண்ணன் காலிப்பரை மறந்தே போனாராம். "என் காலுக்கு அளவெடுத்துச் செஞ்சுட்டேன் டீச்சர்" என்று அசடு வழிந்தார். வளைத்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

அப்புறம்தான் கவனித்தேன். இடது சீட்டுக்கு முன்னால் தரையில் சாக்குக்கட்டியால் அடையாளம்.

"இது எதுக்குண்ணே?"

தலையைச் சொறிந்தார். "அப்பா ஒங்ககிட்டச் சொல்லலையா?"

அப்பா போன வாரம் தனியாகப் பஸ் ஏறி இங்கே வந்திருக்கிறார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இருப்பது போல இடது பக்கமும் ஒரு பிரேக் பெடல் வைக்கச் சொல்லியிருக்கிறார். அவர் காலுக்கு.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். என் வண்டி. என் சம்பளம். காலில்லாமல் ஓட்டத்தானே இத்தனையும்? அதிலும் கொண்டுவந்து ஒரு காலை வைக்கிறார். எதையும் செய்யாதீங்க, நான் சொல்கிறவரை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

அப்பாவோடு பேசவில்லை. அவரும். செ. நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சாம்பார் நகர்த்தினான்.

மதியம் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்தாள். "அவரு ஒன்னைய நம்பாம இல்லத்தா. அவரு காலு சும்மா கெடக்க மாட்டேங்குது. தூக்கத்துலயும் எட்டி ஒதைக்கிறாரு. நான்தான் ஒத வாங்குறேன்."

சிரித்துத் தொலைத்தேன்.

சாயங்காலம் வரை யோசனை. பெடல் இல்லாவிட்டால் அவர் தரையை அழுத்துவார், பல்லைக் கடிப்பார், என் கை பதறும். இருந்தால் அழுத்துவார், வண்டி நிற்கும். அவ்வளவுதான். பிரேக்தானே கேட்டார். ஸ்டீயரிங் கேட்கவில்லையே.

ஜோ. அண்ணனுக்கு போன்: வைத்துவிடுங்கள். ஆனால் இன்னும் மனத்தாங்கல் தீரவில்லை.

ஜூலை 26, சனி

பள்ளி மைதானத்தில் பழக்கம். முதல் நாள் வண்டி தவளை மாதிரி போயிற்று. இன்று பரவாயில்லை. இரண்டாம் கியர் வரை. செ. கோல் போஸ்ட்டில் சாய்ந்து வீடியோ எடுக்கிறான். அழித்துவிடு என்றால் கேட்பதில்லை.

ஒரு கன்றுக்குட்டி குறுக்கே. நான் கையைத் தள்ள, அப்பா காலை அழுத்த, வண்டி குலுங்கி நின்று அணைந்துவிட்டது.

"யாரு பிரேக்குப்பா அது?"

"ரெண்டு பேருந்தான்."

"ஒரு வண்டிக்கு எத்தன டிரைவரு?"

கன்றுக்குட்டி நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

பாஸ்! ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைச் சுற்றிக் கூட்டம். ஆளுக்கொரு தடவை கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தார்கள். ஆர்.சி.யில் மாற்றத்தைப் பதிவதற்கு எல்லாம் சரி. அப்புறம் எட்டு போடச் சொன்னார்கள். அப்பா வேலிக்கு வெளியே நின்றார். அவருடைய வலது கால் மண்ணை அழுத்துவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. கோடு தொடாமல் போட்டேன். "எட்டுக்கு எட்டு சரியாப் போச்சு" என்றாள் அம்மா.

சாயங்காலம் பதவி உயர்வுத் தாளில் "சம்மதம்" என்று எழுதிக் கையெழுத்து. எந்த ஊராக இருந்தாலும் சரி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

செ. கிளம்பினான். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். முதல் நீண்ட ஓட்டம். அப்பா இடது சீட், செ. பின்னால் பெட்டியோடு. கீரனூர் வரை அப்பாவின் கால் பெடல் மேல். இரண்டு இடத்தில் அழுத்தினார், இரண்டும் தேவையில்லாதது. வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். செ. இறங்கும்போது டேஷ்போர்டைத் தட்டிவிட்டு, "டப்பா, அக்காவப் பாத்துக்க" என்றான். அலாய் வீல் போடாமலே மனம் மாறிவிட்டது. உள்ளே போகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

திரும்பும்போது நானும் அப்பாவும் மட்டும். அவருக்குப் பிள்ளை போன வருத்தம். எனக்கும். ஒரு தண்ணி லாரியை ஒதுங்கித் தாண்டினேன். "நல்லா ஒதுங்கி எடுத்த" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கீரனூர் தாண்டித் தூறல். வைப்பர் போட்டேன்.

புதுக்கோட்டை சிக்னலில் நின்றபோதுதான் பார்த்தேன். செருப்பு இரண்டும் கீழே ஓரமாக. அப்பா கால்களை மடக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பெடல் தன்னந்தனியாக. தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் திறந்து, குறட்டை.

அப்பா. வண்டியில். தூங்குகிறார்.

பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்தது தெரிந்தது. அப்போதும் அவர் விழிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், ஒரு கையால்தான், இன்னொரு கை பிரேக்கில். அப்புறம் வண்டியை எடுத்தேன். வேகத்தடைகளை எல்லாம் பூப்போல ஏறி இறங்கினேன்.

அரிமளம். எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடம். அம்மா காபி போட்டு வைத்திருப்பாள். இண்டிகேட்டர் போட்டேன். அப்பாவைப் பார்த்தேன். இன்னும் குறட்டை. இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேரே போனேன்.