ஓடையைத் தாண்டிப் போனவனுக்கு

உன் கருமாதிக்குக் கட்டியிருந்த பேனரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் சிரிக்கிறானே என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கையை உயர்த்தி, வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க நீ நிற்கிறாய். கீழே ‘மறியல் களத்தில் நம் அண்ணன்’ என்று கொட்டை எழுத்து. மறியலாவது களமாவது! அந்தப் படத்தை எடுத்தவனே நான்தான். கல்வராயன் மலையில், அம்மன் திருவிழாவில் நீ ஆட்டம் ஆடியபோது எடுத்தது. உன் பக்கத்தில் ஆடிய தருமனைக் கத்தரித்துவிட்டார்கள். உன் தோளில் அவனுடைய நாலு விரல் மட்டும் மிச்சம் இருக்கிறது.

தருமனை உனக்குப் பழக்கிவிட்டவனும் நான்தான். நான் வேலை பார்த்த கள்ளக்குறிச்சி மண்டிக்கு மலையிலிருந்து கடுக்காயும் புளியும் கொண்டுவருவான். அந்த வருஷம் அம்மன் கரகம் தூக்கும் முறை அவன் வீட்டுக்கு வந்திருந்தது. அவனுடைய அப்பா காத்திருந்து காத்திருந்து, வாய்க்காமலே கண்ணை மூடிவிட்டார். “எங்க வூட்டு கரகம், வந்து பாருங்க சார்” என்று வாரம் தவறாமல் கூப்பிட்டான். வேலைக்கு மனுப் போட்டுப் போட்டு வெறுத்துக் கிடந்த நீ, “வாடா, மல ஜனங்க ஆட்டத்த பாத்துட்டு வரலாம்” என்று கிளம்பிவிட்டாய்.

வெள்ளிமலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தோம். ஊர் எல்லையில் முழங்கால் ஆழத்தில் ஓர் ஓடை. அதைத் தாண்டியதும் ஊர்ப் பெரியவர் நம் இருவர் கையிலும் மஞ்சள் காப்பைக் கட்டினார். “மூணாம் நாளு அம்மன் தண்ணிக்குப் போற வரைக்கும் ஓடைய தாண்டக் கூடாதுங்க. அவசரம்னா எங்ககிட்ட சொல்லிடுங்க. எல்லையில ஒரு சேவல அறுத்து, எல்லாருக்கும் புதுக் காப்பு கட்டிடுவோம். மறைச்சிட்டு கரகத்த தூக்கினாதான் தீட்டு” என்றார். நீ பெரிதாகத் தலையை ஆட்டினாய்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் தின்றோம். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசையாக ஆடினார்கள். உன் கால் மட்டும் தாளத்துக்குப் பிந்திக்கொண்டே இருந்தது. தருமன் உன் தோளைப் பிடித்து, இழுத்து இழுத்துச் சரிசெய்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் உன்னை அதற்குமுன் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலையில் ரேடியோ சொன்னது. கீழே இடஒதுக்கீடு கேட்டு மறியல், ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், துப்பாக்கிச் சூடு. “எங்க ஜனம் ரோட்ல செத்துக்கினு இருக்குது, நான் இங்க ஆடிக்கினு இருக்கறதா?” என்றாய். அதில் எனக்குக் குறையில்லை. நீ போக வேண்டியவன்தான். “பெரியவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடா” என்றேன். “சொன்னா ஆளாளுக்குப் பேசி மத்தியானம் ஆக்கிடுவாங்க. நீ பாத்துக்கோ.” காப்பை அறுத்து என் கையில் திணித்துவிட்டுப் போனாய்.

கரகம் தூக்கும் முன் பெரியவர் கேட்டார், “உங்க சினேகிதரு எங்க?”

“காய்ச்சலுங்க. உள்ள தூங்கறான்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உன் மானத்தைக் காப்பாற்றவா, ஈரத் துணியோடு நிற்கும் தருமனைக் காக்க வைக்க மனமில்லாமலா, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஒரு சேவலோடு முடிந்திருக்கும்.

அம்மன் ஓடைக்கு வந்தபோது, அக்கரையில் வேடிக்கை பார்த்து நின்ற பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், “அந்தக் கீழ்நாட்டு ஆளு காலையிலயே எறங்கிப் போயிட்டாரே!” என்றார். மேளம் நின்றது. யாரும் என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. தருமன் தலையிலிருந்து கரகத்தை இறக்கினார்கள். “ஆள கூட்டிக்கினு வந்தவன் நீ. இனிமே உங்க வூட்டுக்கு கரகம் இல்லப்பா” என்றார் பெரியவர். தருமனின் மனைவி அங்கேயே ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நீ ஜெயிலுக்குப் போனாய். பிறகு ஒதுக்கீடு வந்தது, வேலை வந்தது, மேடை வந்தது. உரிமை என்று நீ சொன்னால் மைக் அதிரும். தருமன் பேச்சை நான் எடுத்தபோது மட்டும், “ஒரு கயித்துக்கு இம்மாம் பெரிய கதையா?” என்றாய். உனக்கு இல்லை என்றால் அது உரிமை, அவனுக்கு இல்லை என்றால் அது கயிறு. அன்றிலிருந்து உன்னோடு டீ குடித்திருக்கிறேன், மனசுவிட்டுப் பேசியதில்லை.

வருஷங்கள் கழித்து, ஒருநாள் மண்டியில் தருமனிடம் உடைத்துவிட்டேன். “காய்ச்சல்னு அன்னிக்கு நான் சொன்னது பொய், தருமா.”

“தெரியுங்க சார். அவரு ஓடைய தாண்டறத நானே பாத்தேன். அங்கதான் குளிச்சிக்கினு இருந்தேன்.”

“அப்புறம் ஏன்யா சொல்லல?”

புளி மூட்டையின் வாயைக் கட்டியபடியே சொன்னான். “நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே நின்னேன். நீங்க காய்ச்சல்னுட்டீங்க. நான் கூட்டிக்கினு வந்த விருந்தாளிய, அத்தினி பேர் நடுவுல பொய் சொல்றாருன்னு எப்படிங்க சொல்றது?”

இதை உன்னிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த மேடையில் பேசிக் கைத்தட்டு வாங்கிவிடுவாய் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. சொல்லியிருந்தால், இத்தனை வருஷமாக உன்மேல் போட்டுவந்த பழியை நான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இப்போது நீயும் போய்விட்டாய். இனி அதைப் போட ஆளில்லை. முழுதும் என்னிடமே இருக்கிறது.