சிப்பாய்க்கு ஒரு சிரட்டை

தாணுமாலயன் துணை

தேரூர்
கொல்லம் 1132 கார்த்திகை 24

அன்பு மகள் அழகியநாயகிக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் தொழுவத்துப் பசுவும் நல்ல சுகம், நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை கோமதியும் அப்படியே இருக்க அந்தத் தாணுமாலயனைக் கும்பிடுகிறேன். உன் கடிதம் வந்தது. பெற்ற தாயின் இடுப்பு வலி எப்படி என்று ஒரு வரி, சிப்பாய் எப்படி இருக்கிறான் என்று ஒரு முழுப் பக்கம். சரிதான், இடுப்பு என்ன வாலையா ஆட்டப்போகிறது. அவன் உன்னைக் காணாத ஏக்கத்தில் சோறு தின்னாமல் எலும்பும் தோலுமாகக் கிடப்பதாகக் கனவு கண்டு அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். கண்ணைத் துடைத்துக்கொள் மக்கா. நீ கனவில் கண்ட அந்த எலும்பை ஓணத்து நேரத்தில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் இரண்டு கையாலும் அமுக்கித் தேடினார், அகப்படவில்லை. உனக்கு அப்போதே எழுதியிருக்கலாம், எழுதினால் அங்கிருந்து ரயிலேறிவிடுவாய் என்று விட்டுவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன், அடுப்பில் ஒன்றும் இல்லாத நேரம் பார்த்து வாசி.

போன மாசியில் வீடு பாகம் பிரிந்தது உனக்குத் தெரியும். தீயலில் உப்பு கூடிப்போச்சு என்று நான் சொன்ன ஒரு சொல்லும், அதற்கு உன் சித்தி பகவதியம்மாள் திருப்பிச் சொன்ன ஒரு மரக்கால் சொல்லும் சேர்ந்து முற்றத்தின் நடுவில் மதிலாக எழும்பிற்று. வயல், நெல், செம்பு, குத்துவிளக்கு எல்லாம் உன் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாதிப் பாதி. மதில் கிணற்றடி வரைக்கும் வந்து நின்றுவிட்டது, கிணற்றை வகிர்ந்து பங்கு வைக்கத் தெரிந்த கொத்தன் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் மிச்சம் நின்றது சிப்பாய். கல்யாணத்துக்கு முந்தின அடைமழையில் கால்வாய்க் கரையிலிருந்து நீ முந்தானையில் பொதிந்து கொண்டுவந்து, என்ன மிடுக்காக நடக்கிறான் பார் என்று பெயர் வைத்தாயே, அவன்தான். மத்தியஸ்தம் பேச வந்த பகவதியப்பன் பாட்டா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, நாயை என்னத்துக்குடே பங்கு வைக்கியோ, அது எந்த வீட்டுச் சோத்தை ஆசையாத் திங்குதோ அது அந்த வீட்டு நாய், என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கிழவர் விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, எங்கள் இரண்டு அடுப்புக்கும் அது ஐகோர்ட்டுத் தீர்ப்பாகப் பட்டது.

நான் போட்டிக்கு நிற்கிறவள் இல்லை என்பது உனக்கே தெரியும். காலையில் நமக்கு அவிக்கிற புட்டோடு ஒரு குழல் கூடுதலாக அவித்தேன், அவ்வளவுதான். அதைத் தின்றுவிட்டு அவன் அந்தப் பக்கம் போனால் சித்தி பயற்றங்கஞ்சியில் நெய் விட்டு வைத்திருக்கிறாள். ஆகட்டும் என்று நான் ஏத்தன்பழத்தை அவித்துச் சர்க்கரை போட்டுப் பிசைந்து வைத்தேன். அவள் சாளை மீனை முள் எடுத்து ஊட்டினாள். முள் எடுத்து! கட்டின புருஷனுக்கு என்றைக்காவது எடுத்துக் கொடுத்தாளா என்று உன் சித்தப்பாவைக் கேள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், இங்கே வீடு ரெண்டுபட்டதில் கொண்டாட்டம் எல்லாம் நாய்க்கு. உன் அப்பா ஒருநாள் இலையைப் பார்த்துவிட்டு, ஏட்டி, எனக்குப் பப்படம் ஒண்ணு, அவனுக்கு ரெண்டா, என்று கேட்டார். நீங்கள் எங்கேயும் போய்விட மாட்டீர்கள், அவன் போய்விடுவான் என்றேன்.

இப்படியே சிப்பாய் ஆடிக்குள் ஹவில்தார் ஆகி, ஆவணிக்குள் திவானாகிவிட்டான். நாய்க்கு வேலை இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று சொல்வார்கள், இவனுக்கு வேலையும் இல்லை நிற்கத் திராணியும் இல்லை. படுத்தபடியே குரைப்பான், பாதியில் மூச்சு வாங்கும், மீதிக் குரைப்பை விட்டுவிடுவான். தென்னையில் ஏறித் தேங்காய் களவாண்டவன் இவனைத் தாண்டித்தான் இறங்கிப் போனான், போகிறவனைப் பார்த்து வாலை ஆட்டினானாம். மணக்குடியிலிருந்து மீன் கடவம் சுமந்து வருவாளே செசிலி, முன்பெல்லாம் இவனுக்குப் பயந்து தெருவிலேயே நின்று கூப்பிடுவாள், இப்போது இவன் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு கடவத்தை இறக்குகிறாள். எக்கா, ஒங்க சிப்பாய்க்குப் பேறுகாலம் எப்பம், என்று கேட்டு ஒரு சிரிப்பு வேறு. வந்த கோபத்தில் அன்றைக்கு நான் மீன் வாங்கவில்லை. அவள் அந்தப் பக்கம் போய்ச் சித்தியிடம் விற்றாள், அதையும் அவன்தான் தின்றான்.

ஓணத்தன்று இரண்டு வீட்டிலும் இலை போட்டோம் அவனுக்கு. என் பாயசத்தை நக்கி முடித்துவிட்டு, அந்தப் பக்கம் என்ன பாயசம் என்று விசாரிக்கப் புறப்பட்டவன் கிணற்றடியில் பொத்தென்று விழுந்தான். நாக்கு நீலம் பாரித்துவிட்டது, கண் மேலே செருகிவிட்டது, வயிறு மட்டும் ஏறி இறங்குகிறது. நான் இங்கிருந்து ஓடினேன், அவள் அங்கிருந்து ஓடிவந்தாள். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, எம் மக்கா, எம் மக்கா, என்று அழுதாள். பிள்ளையில்லாதவள், காலையில் எழுந்தால் அவள் முகத்தைப் பார்க்கிற சீவன் அது ஒன்றுதான். நானும் அழுதேன். ஆனால் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் யார் போட்டதைத் தின்று விழுந்தான் என்கிற பேச்சு வரும், அது இரண்டு பேருக்கும் தெரியும்.

உன் அப்பா வில்வண்டி கட்டி, மெத்தை விரித்து, அவனை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்து இத்தனை வருஷத்தில் என் இடுப்புக்கு ஒரு வண்டி கட்டினது கிடையாது, அது போகட்டும். இவனுக்குச் சீக்கு ஒன்றும் இல்லை, சோறுதான் சீக்கு என்றாராம் டாக்டர். இருதயத்தைச் சுற்றிக் கொழுப்பு அடைத்திருக்கிறது, இப்படியே போனால் ஐப்பசி மழையைப் பார்க்கமாட்டான், இனி காலையும் மாலையும் கொஞ்சமாகக் கஞ்சி, நெய்யும் பாயசமும் பொரித்ததும் மறந்துவிட வேண்டும், தினமும் வரப்பில் நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்றாராம். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு உன் அப்பா வாய் கூசாமல், ஒரு பிடி சோறு, என்றிருக்கிறார். யார் பிடி, பீமசேனன் பிடியா, என்று கேட்டாராம் அவர். நீயும் கேட்டுக்கொள், கோமதி தலையைத் திருப்பினால் விட்டுவிடு, காக்காவைக் காட்டி நாய்க்குட்டியைக் காட்டித் திணிக்காதே, காட்டுகிற நாய்க்குட்டியின் கதை இப்படி இருக்கிறது.

டாக்டர் சொல்லிவிட்டார், இரண்டு வீட்டிலும் குறைத்தால் தீர்ந்தது. யார் முதலில் குறைப்பது? நான் குறைத்தால் அவன் அங்கேயே கிடையாய்க் கிடப்பான், பாட்டா தீர்ப்புப்படி நாய் அவளுக்கு. அவள் குறைத்தால் எனக்கு. ஒருநாள் முழுக்க நான் டாக்டர் சொன்னபடி நடந்தேன், பெரிய காரியம். மறுநாள் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது. போ சவமே என்று நானும் புட்டுக்குழலை எடுத்தேன். கொல்லுகிறோம் என்று தெரிந்தேதான் இரண்டு பேரும் ஊட்டினோம், அன்பு என்றால் லேசுப்பட்ட காரியமா.

கடைசியில் வயல்வரப்பில் மாநாடு கூடியது. அண்ணனுக்கும் தம்பிக்கும் வீட்டில்தான் பேச்சு இல்லை, மடை திருப்புகிற விஷயத்துக்கு வயலில் பேச்சு உண்டு. அங்கே வைத்து நாயையும் சேர்த்துப் பேசி முடித்திருக்கிறார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலை உன் அப்பா ஒரு தேங்காய்ச் சிரட்டையை வழுவழுப்பாகச் சுரண்டிக் கொண்டுவந்து மதில்மேல் வைத்தார். சிப்பாய்க்குக் கஞ்சி இனி இந்தச் சிரட்டையில்தான், இது எந்த வீட்டில் இருக்கோ அந்த வேளை அந்த வீட்டு முறை, போட்டு முடிஞ்சதும் கழுவி மதில்மேல வைக்கணும், சிரட்டை இல்லாத வீட்டில் அவனுக்குப் பச்சைத்தண்ணிதான், என்றார். அப்படியானால் அது யார் வீட்டு நாய் என்று கேட்டேன். மொதல்ல அது உசுரோட கிடக்கட்டும்ட்டி, யாரு வீட்டு நாய்ங்கதைப் பொறவு பாக்கலாம், என்றார். உன் அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை வாயைத் திறப்பார், இந்த வருஷத்துப் பேச்சு நாய்க்குச் செலவாகிவிட்டது.

முதல் நாள் நான் கஞ்சி போட்டு முடித்துச் சிரட்டையைக் கழுவி மதில்மேல் வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நாய் தின்கிறது என்றாலும் இன்னொரு வீட்டுக்குப் போகிற ஏனம், வெறும் ஏனத்தைக் கொடுத்தனுப்பி எனக்குப் பழக்கம் இல்லை. அவளுக்காக இல்லை, என் கை வழக்கத்துக்காக இரண்டு இணுக்குக் கறிவேப்பிலையை உள்ளே போட்டு வைத்தேன். மறுநாள் அது காந்தாரி மிளகாயோடு திரும்பி வந்தது. குத்தலைப் பார்த்தாயா. நான் எலுமிச்சம்பழம் வைத்தேன், அவள் பிச்சிப்பூ வைத்தாள். அப்புறம் சிரட்டையில் அடங்காதது பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் வரத் தொடங்கிற்று, இங்கிருந்து அவியல் போயிற்று, அங்கிருந்து ஒருநாள் தீயலே வந்தது. உப்பு சரியாக இருந்தது, வேண்டுமென்றே சரியாகப் போட்டிருக்கிறாள். இப்படி ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு மாதம் ஓடியதில் நாய் இளைத்து உன் அப்பாவுக்குத் தொந்தி வைத்துவிட்டது. சிப்பாய்க்கு இப்போது விலாவைத் தடவினால் எலும்பு தட்டுப்படுகிறது, எழுந்து நின்று குரைக்கிறான், செசிலி மறுபடியும் தெருவில் நின்றுதான் கூப்பிடுகிறாள். ஐப்பசி மழையை நன்றாக நனைந்தே பார்த்தான்.

ஐப்பசியில்தான் நம் நான்கு தாலுகாவும் மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தது. வெடி என்ன, ஊர்வலம் என்ன, மிட்டாய் என்ன. ராஜ்யத்துக்கே எல்லையை நகர்த்திப் போட்டார்கள், நம் முற்றத்து மதில் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. இதில் உன் சித்தப்பா பாடுதான் திண்டாட்டம், தாலுகா கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம் இல்லையா, பழைய ரிக்கார்டுகளைப் பிரித்து எடுக்கத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் போனதை எனக்கு யாரும் சொல்லவில்லை, காலையில் அவர் கனைப்புச் சத்தம் கேட்கவில்லை, அதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

போன வாரம் ஒருநாள் காலையில் என் முறை, மதில்மேல் பார்த்தால் சிரட்டை இல்லை. சிப்பாய் என் நடையில் வந்து நின்று முகத்தையே பார்க்கிறான். ஆகா, புருஷன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து நாயை ஒரேயடியாக வளைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். விதியை மீறி ஒரு பிடி போட்டேன், மெய்யான ஒரு பிடி. மறுநாளும் சிரட்டை இல்லை. எனக்கு வந்ததே கோபம், மதில் கட்டின பிறகு முதல் தடவையாக அந்த நடையில் ஏறினேன். சண்டை பிடிக்கத்தான் போனேன், என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியிலேயே அடுக்கி வைத்திருந்தேன்.

கதவைத் தள்ளினேன். அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. அவள் பாயில் சுருண்டு கிடந்தாள், தொட்டால் உடம்பு அனல், உதடு வெடித்துப்போயிருக்கிறது. சிரட்டை அவள் கைக்குப் பக்கத்திலேயே கவிழ்ந்து கிடந்தது, கஞ்சி எடுக்க எழுந்தவள் அப்படியே விழுந்திருக்கிறாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும், எக்கா, நேத்து சிப்பாய்க்கு நான் ஒண்ணும் வைக்கல்ல, நீங்க வச்சியளா, என்று கேட்டாள். வச்சேன், நீ என்னத்தட்டி தின்ன, என்று கேட்டேன். ஆறிக் கிடந்த அடுப்பைத்தான் பார்த்தாள். இரண்டு நாளாக ஒன்றும் தின்னவில்லை மக்கா. அந்த நாய்க்கு எந்த வேளைக்கு எத்தனை பருக்கை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம் இரண்டு வீடும், மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி பச்சைத்தண்ணீர் குடித்தாளா என்று எட்டிப் பார்க்க ஒரு நாதி இல்லை. உன் அம்மாவின் கெட்டிக்காரத்தனத்தை அங்கே நாலு பேருக்குச் சொல். அடுக்கி வைத்திருந்த சண்டையெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவள் அடுப்பிலேயே தீ மூட்டி, குருணைக் கஞ்சி வைத்து, தலையை மடியில் எடுத்து வைத்து ஊட்டினேன். நாலு வாய் வாங்கிவிட்டு, போதும்க்கா, என்றாள். போதுமா போதாதா என்று நான் சொல்லுகிறேன், நீ வாயைத் திற, என்றேன். அழுதுகொண்டே திறந்தாள். காய்ச்சல் விட்டு மூன்று நாளாகிறது, இங்கே நம் உள்ளறையில்தான் படுத்திருக்கிறாள், சித்தப்பா வந்த பிறகு என்ன என்று கேட்காதே, வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். சிப்பாய் எந்த வீட்டு நாய் என்று தெரியாமல் இரண்டு நடைக்கும் அலைந்துவிட்டு அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீயும் அவரும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல், ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருக்க நானும் அப்பாவும், இப்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிற உன் சித்தியும் ஆசீர்வாதம் செய்கிறோம். மறக்காமல் ஒன்று. நீ சித்திக்குத் தனியாகக் கடிதம் போடுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாய், தபால்காரர் இரண்டு நடையிலும் நிற்பது கண் தெரியாதவளுக்கும் தெரியும். அவளுக்கு எழுதுவது எனக்கு எழுதுவதைவிட நீளம் என்பதுதான் நேற்றுத் தெரிந்தது. இருக்கட்டும். இனிமேல் ஒரே கடிதமாக எழுது, இரண்டு பேர் பெயரையும் போட்டு எழுது. நான் சத்தமாக வாசிப்பேன், அவள் படுத்துக்கொண்டு கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தாணம்மாள்