உன் வீட்டில் என் இடது ஷூ

அன்புத் தோழி,

காலையில் எதிர்வீட்டில் பலாப்பழம் அறுத்தார்கள். குவார்ட்டர்ஸ் மாடிப்படி முழுக்க வாசனை. தட்டு நிறையச் சுளை வந்தது. வேண்டாமென்று திருப்பி அனுப்பினேன். கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. பலாச்சுளையை வேண்டாமென்று சொன்னது நான். நீ இருந்திருந்தால் அந்த நிமிடமே என் ஷூவைத் தேடியிருப்பாய்.

கணுக்கால் பிசகிக் கிடந்த வருடம் நினைவிருக்கிறதா? பிளாக்குகளுக்கு இடையிலான த்ரோபால் போட்டியில் எப்படியாவது ஆடிவிட வேண்டும் எனக்கு. டாக்டர் மெல்ல ஓடலாம் என்றதும் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் விட்டு மறுநாள் காலை, படியிறங்க முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். காலும் போச்சு, போட்டியும் போச்சு என்று ஒரே அழுகை. கீழ்வீட்டிலிருந்து நீ தோசைக் கரண்டியோடு வந்து நின்றாய்.

"எங்க வலிக்குதுன்னு ஒரு வெரலால காட்டுடி."

முடியவில்லை. இரண்டு தொடையையும் உள்ளங்கையால் தடவிக் காட்டினேன். நீ சிரித்துவிட்டாய்.

"கையால தடவிக் காட்டுற வலி நாலு நாள் இருந்துட்டு போயிடும். ஒரு வெரல வச்சி இங்கதான்னு காட்டுற வலி வந்தாதான் டாக்டருகிட்ட ஓடணும்."

எங்கே படித்தாய் என்று கேட்டேன். முந்திரிக் கொல்லையில் முதல்நாள் குனிந்து பொறுக்கிய எவளுக்கும் இது தெரியும் என்றாய்.

அந்தத் தெம்பில் நான் அளவை மீறினேன். ஓய்வு நாளே கிடையாது. தூக்கம் போனது, ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் காபி டம்ளருக்காகச் சண்டை, ஓட ஓடக் கால் கனத்ததே தவிர வேகம் வரவில்லை. அதைச் சோம்பல் என்று நினைத்து இன்னும் ஒரு சுற்றுக் கூட்டினேன். அப்போதுதான் காடாம்புலியூரில் உன் அம்மா வீட்டிலிருந்து பலா வந்தது. வேண்டாமென்றேன். நீ என் இடது ஷூவை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாய்.

"பலாச்சொளயே எறங்கலன்னா ஒடம்பு ஓஞ்சிகினு இருக்குதுடி. தின்னுட்டு தூங்கு. வியாழக்கெழம வந்து வாங்கிக்க."

கண்டபடி திட்டினேன். ஒற்றை ஷூவோடு எங்கே ஓடுவது? ஆனால் போட்டியில் ஆடினேன். நாம் தோற்றது உன் சர்வீஸால், என் காலால் இல்லை.

இப்போது முழங்கால். தேறி வருகிறேன். நீ எங்களையெல்லாம் விட்டுப் போனபின் வரும் முதல் போட்டி. உன் இடத்தில் என்னை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடத்தைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் காலை, மாலை இரண்டு வேளையும் ஓடியிருக்கிறேன். விரலால் காட்டும் வலி இல்லை, பார்த்துவிட்டேன். ஆனால் தூக்கமும் இல்லை. நேற்று காபிச் சண்டையும் நடந்துவிட்டது.

சாயங்காலம் இடது ஷூவை எடுத்துக்கொண்டு கீழே போனேன். உன் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். காரணம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஷூவை வாங்கி, உன் செருப்பு இருந்த இடத்தில் வைத்துவிட்டார்.

"வியாழக்கெழம வந்து வாங்கிக்கங்க" என்றார்.

திரும்பி வரும்போது அந்தப் படியில் கொஞ்சம் உட்கார்ந்தேன். நீ இல்லாத வலியை ஒரு விரலால் காட்டத் தெரியவில்லை எனக்கு. நாலு நாளில் போகவும் இல்லை. உன் கணக்கு இதில் மட்டும் தப்பிவிட்டது.

அப்புறம் எழுந்துபோய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, சுளை மிச்சமிருக்கிறதா என்று கேட்டேன்.