பட்டியலில் இருபத்தொரு வயது

மயிலாப்பூர்,
18-11-1936

சௌபாக்கியவதி மெம்பர் அம்மாளுக்கு,

இனிமேல் நம் வீட்டுக் காபியில் சிக்கரி சேர்ப்பதில்லை என்ற சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த தீர்மானம் வெள்ளிக்கிழமை காலை நிறைவேறியது. உன் அண்ணா மட்டும் கத்தினார். அவர் கத்தியது வேறு விஷயத்துக்காக.

அவர் பெண் விசாலத்துக்குத் தை மாதம் கல்யாணம் அல்லவா? பதினாலு முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் கூடாதென்ற சட்டத்துக்குப் பயந்து, அவளுக்குப் பதினாலு முடிந்துவிட்டதென்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்தச் சட்டத்தை ஆதரித்துச் சபையில் முழங்கிய நீயே அவரிடம் தோற்றுப்போனாய்.

இப்போது வாக்காளர் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் வரிசையில் விசாலமும் இருக்கிறாள். வயது இருபத்தொன்று. சம்பந்திகள் பெண்ணை நேரில் பார்த்தவர்கள்தான். ஆனாலும் சர்க்கார் அச்சடித்தது பொய்யாகுமா? "முத்தின பொண்ணை எங்க தலையில கட்டப் பாக்கறேளா?" என்று கேட்டுவிட்டார்கள்.

பிரசாரத்துக்குக் கிளம்பும்போது நீ விட்டுப்போன, பட்டியலில் பெயர் சேர்க்கும் வெற்று மனுக் கட்டில் ஒன்று குறைகிறது. அதைக் கிளற வேண்டாம். விசாலத்தின் மனு பச்சை மசியில் எழுதியிருந்ததாம். பச்சை மசி பல வீடுகளில் உண்டு.

அண்ணா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு பட்டியல் அதிகாரியிடம் ஓடினார். துணைக்கு நானும் போனேன்.

"பன்னெண்டுதான் ஸார்! சத்தியமா பன்னெண்டு!" என்று பிரமாணம் செய்து கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி மசியை ஒற்றிக்கொண்டே, "கொழந்தைக்குக் கல்யாணமாமே, எப்போ?" என்று கேட்டார்.

அண்ணா கூரையைப் பார்த்தார்.

பட்டியலில் பெயரை அடித்துவிட்டார்கள். உனக்கு ஓர் ஓட்டுக் குறைந்தது. விசாலம் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாள்.

இப்படிக்கு,
உன் கணவன்